நிற்க வைத்துப் போட்ட ஊசி

"இவ எதுக்கு மேடம் இங்க குந்திகினு இருக்கா?"

வக்கீல் ரேணுகாதேவியின் அறைக்குள் கால் வைத்ததுமே சுகன்யா கத்தினாள். மூலை நாற்காலியில் இருந்த நர்ஸ் ரீனா சட்டென்று எழுந்து நின்றாள்.

"முதல்ல நீங்க உக்காருங்கம்மா," என்றார் வக்கீல்.

"எப்பிடி மேடம் உக்கார்றது? என் வீட்டுக்காரர் காலை வாங்கினவளே இவதானே!"

பின்னால் பச்சையப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தான். வலது பாதம் துவண்டு தொங்கியது. முழங்காலை உயர்த்தித் தூக்கிப் போட்டால்தான் அடுத்த அடி.

ஆறு மாதத்துக்கு முன்னால் வரை நாளெல்லாம் தறியின் மிதிகட்டையை மிதித்த கால் அது. அவன் நெய்த பட்டு என்றால் ஆரணியில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். காய்ச்சல் என்று ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனான். இடுப்பில் ஒரு ஊசி, அவ்வளவுதான். சாயந்திரத்துக்குள் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. ஊசி நரம்பில் பட்டுவிட்டது என்றார் நரம்பு டாக்டர். சரியாகுமா என்று கேட்டதற்கு மாத்திரைச் சீட்டை நீட்டினார். அன்றைக்கு நின்ற தறி இன்னும் ஓடவில்லை.

அதிலிருந்து சுகன்யாவின் வாயில் ரீனாவின் பெயர் அரைபடாத நாளே கிடையாது. ரேஷன் கடை வரிசையில் திட்டுவாள், குழாயடியில் திட்டுவாள். ஒருநாள் நர்சிங் ஹோம் வாசலுக்கே போய், "நீ நல்லா இருப்பியா!" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். வயிறு எரிந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

ரீனா மேஜை மேலிருந்த காகிதத்தை வக்கீல் பக்கம் நகர்த்தினாள்.

"கையெழுத்து போட்டுட்டேன் மேடம். சேத்துப்பட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரேன்."

பச்சையப்பனுக்கு வழிவிட்டு ஒதுங்கி வெளியே போனாள். அவன் அவள் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"திமிரைப் பாத்தீங்களா மேடம்? ஒரு மன்னிப்பு கேட்டாளா?"

"கொஞ்சம் பொறுமையா கேளுங்கம்மா. நம்ம நோட்டீஸுக்கு நர்சிங் ஹோம் பதில் போட்டிருக்காங்க. ஊசி போடும்போது நோயாளி படுக்க மறுத்துட்டார், அதனால எங்க மேல தப்பில்லைங்கறாங்க. இது எல்லா ஆஸ்பத்திரியும் எழுதற பதில்தான்."

"படுக்க மாட்டேன்னாராமா? வாய் கூசாம எப்பிடி மேடம் சொல்றாங்க?"

"நுகர்வோர் கோர்ட்டுல இதைத்தான் பிடிச்சுப்பாங்க. ஊசி போடற ரூம்ல அன்னிக்கு இருந்தது ரெண்டே பேரு. உங்க வீட்டுக்காரர், அந்தப் பொண்ணு. அது ஆஸ்பத்திரி பக்கம் சாட்சி சொன்னா நம்ம கேஸ் நிக்காதேன்னு பயந்துகினு இருந்தேன். காலையில அதுவே தேடி வந்து இதை எழுதிக் குடுத்திச்சு."

வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"'அவர் படுக்கத் தயாராகத்தான் இருந்தார். நைட் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நான்தான் அவரை நிற்க வைத்து ஊசி போட்டேன். தவறு முழுவதும் என்னுடையது.'"

சுகன்யாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

"வீட்டுக்குப் போற அவசரமா? அதுக்கு என் வீட்டுக்காரர் கால்தான் கெடச்சுதா?"

"வேலை செய்யறவங்க தப்பு பண்ணா ஆஸ்பத்திரிதான் பொறுப்பு. அவங்க இனி தப்பிக்க முடியாது. ஆனா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும். நர்சிங் கவுன்சில்ல பதிவையே எடுத்தாலும் எடுத்துடுவாங்க. சொல்லிப் பாத்தேன். 'தெரியும் மேடம்'னு சொல்லிடுச்சு."

"போகட்டும். பட்டாத்தான் புத்தி வரும்."

வக்கீல் இன்னொரு தாளைப் பச்சையப்பன் முன்னால் வைத்தார். "நடந்தது இதுதான்னு நீங்களும் ஒரு கையெழுத்து போடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

பச்சையப்பன் பேனாவை வாங்கினான். தாள் மேல் வைத்தான். கை நகரவில்லை.

"இன்னாங்க யோசிச்சிகினு இருக்கீங்க? போடுங்க," என்றாள் சுகன்யா.

"மேடம்," என்றான். "அந்தப் பொண்ணு பொய் எழுதிக் குடுத்திருக்கு."

"எது பொய்?"

"அத்தனையும். அன்னிக்குக் காலையில தெருவுல தறிக்கு நூலை நீளமா பாவு விரிச்சுக் கஞ்சி தெளிச்சிருந்தோம். வானம் மூடிகினு வந்துது. ஒரு மழை அடிச்சா பட்டு நூல் பூராவும் பாழ். பக்கத்து வீட்டுக்காரங்களைப் புடிச்சிக்கச் சொல்லிட்டு ஊசிக்கு ஓடினேன். அது கட்டிலைக் காட்டி, படுங்கண்ணே, படுங்கண்ணேன்னு மூணு தடவ சொல்லிச்சு. நான்தான் கேக்கல. ஜல்தியா நின்னுகினே போடறியா, இல்ல டாக்டர் கிட்ட போய்ச் சொல்லட்டுமான்னு சத்தம் போட்டேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். சுகன்யா கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு மாசமா என்கிட்ட ஏங்க சொல்லல?"

பச்சையப்பன் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தான்.

"கேஸ் போயிடுமேன்னு நான் வாயைத் தொறக்கல சுகன்யா. நம்ம சோறு போயிடுமேன்னு அந்தப் பொண்ணும் தொறக்கல."