மெயினை அமத்துகிற ஊசி

வைகையில் ஓடுகிற தண்ணீர் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. செல்லூர்ச் சந்துக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், நடுப்பகலில், கருத்தக்கண்ணனின் நெஞ்சு நூல் அறுந்தும் நிற்காத விசைத்தறி போல அடிக்கிறது. அந்த அடியில் கட்டில் நகர்ந்து நகர்ந்து வாசலுக்கே வந்துவிட, நர்ஸ் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுக்கிறாள். மனைவி கனகலட்சுமி அவன் பாதத்தைப் பிடித்தபடி நிற்கிறாள். "இதயத்துல கரண்ட் தப்பான வட்டத்துல சுத்துதும்மா. இந்த ஊசி அதைக் கொஞ்சம் மறிக்கும். நெஞ்சு ஒரு நொடி நின்னு, பெறகு தானாச் சீரா ஓடும்," என்கிறார் டாக்டர். "மெயினை அமத்திட்டுப் போடப்போறீக, அம்புட்டுத்தான?" என்று வேர்வைக்குள் சிரிக்கிறான் கருத்தக்கண்ணன். "ஏ கனகு, மறுபடி போட மறந்துறப் போறாக, பாத்துக்க." "வாயக் கழுவுங்க," என்கிறாள் அவள். மருந்து இறங்குகிறது. திரையில் துள்ளிக்கொண்டிருந்த பச்சைக் கோடு நீட்டிப் படுக்கிறது. அந்த நொடியே கனகலட்சுமியின் காதில் செல்லூர்த் தறிகள் அத்தனையும் வாயடைக்கின்றன. ஜன்னலில் கரைந்த காக்கை திறந்த அலகோடு நிற்கிறது. சலைன் சொட்டு விழாமல் தொங்குகிறது. வீட்டில் அவன் தறி ஓடுவதைப் பார்த்து அறியும் வழக்கம் அவளுக்கு இல்லை, அடுப்படியில் இருந்து கேட்டே அறிவாள். கண்ணை மூடிக்கொள்கிறாள். தூரத்தில் ஒரு தறி தட்டுகிறது. பிறகு இன்னொன்று. பிறகு தெருவே தட்டுகிறது. "ஓடிருச்சு! கேக்குதா, ஓடிருச்சு!" என்று அவன் பாதத்தைக் குலுக்குகிறாள். திரையில் கோடு படுத்தபடியே கிடக்க, டாக்டர் இரண்டு கைகளாலும் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கிறார். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைத் தவிர, செல்லூரில் இன்று காலையிலிருந்தே கரண்ட் கிடையாது.