வெளியே போ

யூனிஸ் பிடிவாதக்காரி என்று ஆபீஸே முடிவு கட்டிவிட்டது. அதில் முதல் ஆளாகத் தலையாட்டியவன் அவள் புருஷன் வில்பிரட்.

மேற்குத் தாம்பரத்தில், மருந்துக் கடைக்கு மேலே மாடி ரூமில் ஒரு குட்டி கம்ப்யூட்டர் கம்பெனி. முதலாளி தோத்தாத்ரி. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே அங்கேதான் புரோகிராமர்கள். கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைல்களைத் திறக்க, அழிக்க, இடம் மாற்ற ஒரு ஃபைல் மேனேஜர் செய்துகொண்டிருந்தார்கள். அதுவும் முழுக்க முழுக்கத் தமிழில். தொண்ணூற்றைந்தில் அது லேசுப்பட்ட காரியமா?

விண்டோவின் மேல் ஓரத்தில் வரிசையாக நிற்கும் மெனுவெல்லாம் வில்பிரட் பொறுப்பு. நடுவில் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கும் டயலாக் பாக்ஸ் எல்லாம் யூனிஸ் பொறுப்பு. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வில்பிரட்டின் மெனுவில் ‘திற, மூடு, அழி’ என்று இருந்தது. அந்த ‘அழி’யைத் தட்டினால் யூனிஸின் பாக்ஸ் வந்து, ‘இந்த ஃபைலை அழித்துவிடலாமா? யோசித்துச் சொல்லுங்கள்’ என்று குழைந்தது.

தோத்தாத்ரி தலையில் அடித்துக்கொண்டார். சாஃப்ட்வேர் என்றால் ஒரே ஆள் பேசுகிற மாதிரி இருக்க வேண்டாமா, வாசலில் ஒருத்தர் விரட்ட, உள்ளே ஒருத்தர் உபசாரம் பண்ணுகிற மாதிரி இருக்கிறதே என்றார். இதை வாங்க இருக்கிற ஏகநாதன் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார், அவர் ஆர்டர் கைநழுவினால் கம்பெனிக்கு ஷட்டரை இறக்க வேண்டியதுதான், யாராவது ஒருத்தர் மாற்றித் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாற்ற வேண்டியவள் யூனிஸ்தான் என்பதில் வில்பிரட்டுக்குச் சந்தேகமே இல்லை. மெனுவில் இடம் கம்மி. ‘திற’ என்றால் இரண்டே எழுத்து, லட்சணமாக உட்காருகிறது. மெஷின் பேசுவதற்கு மரியாதை என்ன வேண்டிக் கிடக்கிறது?

“பேசுறது மெஷின்தாங்க. கேக்குறது மனுஷங்க இல்லையா?” என்றாள் யூனிஸ்.

அதோடு சரி. ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை. உன்னால் கம்பெனியே கவிழப் போகிறது பார் என்று வில்பிரட் வீட்டில் கத்திப் பார்த்தான், ஸ்கூட்டரில் வரும்போதும் கத்திப் பார்த்தான். ம்ஹும், அவள் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை ஏகநாதன் வந்தார். இரும்புலியூர்க்காரர். வயலையெல்லாம் பிளாட் போட்டு விற்றுவிட்டு இரண்டு கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். இங்கிலீஷ் வராது, அதனால்தான் மண்டபத்துக் கம்ப்யூட்டர்களுக்குத் தமிழில் கேட்டிருந்தார். மௌஸைப் பிடித்து, மெனுவைத் திறந்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். வேலை முடிந்ததும் தட்ட வேண்டிய அந்த இடத்தில் வில்பிரட் சுருக்கமாக, ‘வெளியே போ’ என்று எழுதியிருந்தான்.

“இன்னாது இது? என் மண்டபத்துல நான் குந்திக்கினு கீறப்போ, என்னியவே வெளியே போன்னு சொல்லுமா?”

எழுந்தே விட்டார் மனுஷன். தோத்தாத்ரிக்கு வேர்த்துக் கொட்டியது.

எழுந்த வேகத்தில் ஏகநாதனின் விரல் மௌஸை அழுத்திவிட்டது. திரையின் நடுவில் யூனிஸின் பாக்ஸ் வந்து நின்றது. ‘வேலையெல்லாம் முடிந்ததா? நல்லபடியாகப் போய் வாருங்கள்.’

ஏகநாதன் அதைப் படித்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இத்த எழுதுனவங்க யாரோ, அவங்களுக்குப் பேசத் தெரிஞ்சிருக்கு. அல்லாத்தையும் இதே மாதிரி பண்ணிக் குடுங்க. எடுத்துக்கிறேன்.”

திங்கட்கிழமைக்குள் வில்பிரட் தன் மெனுவையெல்லாம் மாற்றினான். ‘திறக்கவும்’ வந்தது, ‘மூடவும்’ வந்தது, ‘வெளியே போ’ ஒழிந்து ‘போய் வாருங்கள்’ வந்தது. இடம் கம்மி என்றானே, எல்லாம் அழகாகவே உட்கார்ந்தது. ஆர்டரும் உறுதியானது.

தோத்தாத்ரி எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிவந்தார். வில்பிரட் அதைக் கடித்துக்கொண்டே, என்னமோ தானே கண்டுபிடித்த மாதிரி, “மரியாதைங்கிறது விண்டோவுக்கு விண்டோ மாறக் கூடாது சார். யாரா இருந்தாலும் ஒரே மாதிரி பேசணும்” என்றான்.

“அதெல்லாம் சரிப்பா,” என்றார் தோத்தாத்ரி. “ஒரே வீட்ல இருக்கீங்க, ஒரே ஸ்கூட்டர்ல வர்றீங்க. எழுதுறப்போ மட்டும் எப்படி ரெண்டு பேருக்கும் ரெண்டு மாதிரி வந்தது? அதான் எனக்கு இன்னும் புரியலை.”

வில்பிரட் வாயில் ஜாங்கிரி இருந்தது. யூனிஸ்தான் பதில் சொன்னாள்.

“வீட்ல அவர் என்கிட்ட பேசுற மாதிரியே எழுதிட்டார் சார். நான் அவர்கிட்ட பேசுற மாதிரி எழுதிட்டேன்.”