நாற்பத்தேழாம் நம்பர் சீட்டு

துர்காதேவி கொண்டுவந்த புடவையில் கரையோரம் நாலு இடத்தில் இழை விட்டிருந்தது. அரைக்குருடன் என் கண்ணுக்கே தெரிந்தது. மெஷின் மட்டும் 'பாஸ்' என்றது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நெசவாளர் சங்கத்துக்கு அந்த மெஷின் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். புடவையைக் காட்டினால் பாஸா, ரிஜெக்டா என்று சொல்லிவிடும். இதுநாள் வரை அதைச் சொன்னவர் திருஞானசம்பந்தம். வாயைத் திறந்தாலே வள்ளென்று விழுகிற மனுஷன். ஓய்வு கொடுத்து அனுப்பியதும், விட்டது சனியன் என்றுதான் இருந்தோம்.

"என் புடவையில ஒரே இடம். அது ரிஜெக்டு. நாலு இடம் விட்டது பாஸா?" என்று கலையரசி பிடித்துக்கொண்டாள்.

மெஷினைப் பழக்கிய எஸ்தர், ஐயம்பேட்டைப் பெண், கெட்டிக்காரி. கொஞ்சம் யோசித்தாள். துர்காதேவி புடவையில் கட்டியிருந்த, சங்கத்தில் அவளுக்குக் கொடுத்த நம்பர் போட்ட நாற்பத்தேழாம் நம்பர் சீட்டை அவிழ்த்து, கலையரசி புடவையில் கட்டிக் காட்டினாள்.

பாஸ்.

"புடவையவே பாக்கலைங்க. சீட்டைத்தான் பாத்துக்கினு இருக்குது" என்றாள்.

மெஷினுக்கு யாரும் விதி சொல்லித் தருவதில்லையாம். கணக்குக்காகச் சங்கத்தில் எடுத்துவைத்த பழைய புடவைப் படங்களையும், ஒவ்வொன்றுக்கும் சம்பந்தம் சொன்ன தீர்ப்பையும் காட்டினால், எதோடு எது சேர்ந்து வருகிறது என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளுமாம். நாற்பத்தேழாம் நம்பரில் இழை விட்ட புடவை அத்தனைக்கும் சம்பந்தம் பாஸ் போட்டிருக்கிறார். அதைத்தான் அது கற்றிருக்கிறது.

எல்லோரும் துர்காதேவியைத் திரும்பிப் பார்த்தோம். புருஷன் இல்லாதவள். போதாதா எங்கள் வாய்க்கு?

"காமாட்சி சாட்சியா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று அழுதாள். ரெண்டு வருஷத்துக்கு முன் வாதம் வந்து இடது கை சரியாக எழும்பாது. தறியை விட்டால் வேறு சோறு கிடையாது. செயலாளர் பரசுராமனோ, அவளைச் சங்கத்திலிருந்தே நீக்க வேண்டும் என்றார். சம்பந்தத்துக்கு ஆள் போனது.

வந்தவர் நேரே பீரோவைத் திறக்கச் சொல்லி, போன மாதம் துர்காதேவி கொடுத்த புடவையை எடுத்து விரித்தார்.

எஸ்தர் அதே புடவையின் படத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்தாள். படத்தில் மூணு இடத்தில் இழை விட்டிருந்தது. புடவையைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

"வந்த அன்னிக்கே படம் எடுத்துடறீங்க. நான் பாஸ் முத்திரை குத்தினது ரெண்டு நாள் கழிச்சு" என்றார் சம்பந்தம். "நடுவுல வீட்டுக்கு எடுத்துக்கினு போயி ஊசியால இழை ஓட்டிடுவேன். சொன்னா இந்தம்மா தறியை நிறுத்திடும்னு சொல்லலை."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. துர்காதேவியின் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது.

அவர் எஸ்தரிடம் திரும்பினார். "சீட்டை மறைச்சிட்டு முதல்லேந்து கத்துக் குடும்மா. நாப்பத்தேழையும் தப்புன்னே சொல்லட்டும். அப்படியே எந்த எந்த இடம்னும் காட்டச் சொல்லு. இழை ஓட்டறப்ப எனக்குத் தேடற வேலை மிச்சம்."