அப்பாவுக்கு ஒரு நாற்காலி

“அப்பா உட்காரப் போற நாற்காலி அண்ணி. பொதுக்கூட்டத்துக்கு வாடகைக்கு எடுக்கல.”

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிதான் பாப்பா சொன்னாள்.

வயது நாற்பத்திரண்டு. வெளியூர்க் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். ஆனாலும் பிறந்த வீட்டில் இன்னும் பாப்பாதான். வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவில் வருவாள். நாளை மறுநாள் கிளம்ப வேண்டும். அதற்குள் தோட்டத்தில் அப்பாவுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, அப்பாவையும் அண்ணியையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

அண்ணி எடுத்து வைத்திருந்ததோ, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்று.

“மாமாவுக்கு இதுவே போதும் பாப்பா.”

“எது போதும்? வீட்டில கிடக்கிறதும் இதே ஜாதிதானே. ரெண்டு வெயிலுக்கு வெளுத்து, கால்ல விரிசல் விட்டு நிக்குது.”

விற்பனையாளர் சமயம் பார்த்து நுழைந்தார். “மேடம் சொல்றதுதான் சரி. பிளாஸ்டிக் காத்துக்கே பறக்கும். இது தேக்கு. மழையோ வெயிலோ, வெச்ச இடத்தை விட்டு அசையாது. சார் உட்கார்ந்து பார்க்கட்டுமே.”

அப்பா உட்கார்ந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். போன வருஷம் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை பாதிதான் தேறியிருந்தது. நடை மட்டும் எப்படியோ திரும்பிவிட்டது. காலையில் தோட்டத்துக்குப் போனால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அங்கேதான் அவருடைய ராஜ்ஜியம். இருக்கிற காலத்தில் அப்பா சுகமாக உட்காரட்டும் என்பதுதான் பாப்பாவின் ஆசை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு இந்த மாதிரி ஆசை கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

“எப்படிப்பா இருக்கு?”

“சிம்மாசனம் மாதிரி இருக்கும்மா,” என்று அப்பா இடது கையால் மரத்தைத் தடவினார்.

“தேக்குன்னா வருஷா வருஷம் எண்ணெய் பூசணும். வீண் செலவு,” என்றாள் அண்ணி.

“செலவு என்னோடது அண்ணி.”

“அதுக்கில்ல பாப்பா...”

“உங்க அப்பாவுக்குன்னா இதைத்தான் எடுப்பீங்களா?”

சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகம்தான் என்று பாப்பாவுக்கே பட்டது. ஆனால் கொட்டிய சொல்லை அள்ள முடியுமா?

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“சரி, உன் இஷ்டம்.”

கஞ்சத்தனத்துக்குப் பதில் ஏது என்று பாப்பா மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அன்று சாயங்காலமே தேக்கு நாற்காலி வந்து இறங்கியது. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கிவந்து மரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்கள். விரிசல் விட்ட பழசை பாப்பாவே எடுத்து வேலியோரம் வீசினாள்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். முன் அறையில் அண்ணியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், மூட்டை மூட்டையாகச் சீருடை வந்து குவிந்திருந்தது. பாப்பா டீயை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

நிழல் நகர்ந்து வேலிப் பக்கம் போயிருந்தது. அப்பா கொளுத்தும் வெயிலில், சட்டை வியர்வையில் நனைய, சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா இது, வெயில்ல?”

“நாற்காலி சுகமா இருக்கா, எழுந்துக்க மனசே வரல.”

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. பாப்பா டீயைக் கீழே வைத்துவிட்டு, அவரை எழுப்பி நிறுத்தி, நாற்காலியை இழுத்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். அது ஒரு சாண் நகர்வதற்குள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“பழைய நாற்காலியில என்னப்பா பண்ணுவீங்க?”

“நிழல் போற பக்கமா ஒரு கையால இழுத்துப் போட்டுக்குவேன்.”

“அண்ணியை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே.”

“கூப்பிட்டா தச்சுக்கிட்டு இருக்கிறதை அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுவாம்மா. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஓடி வருவா? அதான் கூப்பிடறதில்ல.”

பாப்பா அப்பாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்தாள். பிறகு முன் அறை வாசலில் வந்து நின்றாள்.

மெஷின் நின்றது. அண்ணி நிமிர்ந்தாள்.

“என்ன பாப்பா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?”

“கனமா இருந்தா அப்பாவால நகர்த்த முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். நான் அவ்வளவு பேசினேன். கடையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி.”

அண்ணி உள்ளே எட்டிப் பார்த்து, மாமனார் கேட்கிற தூரத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“எப்படிச் சொல்றது பாப்பா? மாமா பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தாரே.”