கேமரா ஓடுது

"பிதா, சுதன்..." என்று மகனின் தலையில் கை வைத்த ஃபெர்னான் கிழவர், பரிசுத்த ஆவிக்குப் பதிலாக ஒரு தும்மல் போட்டார்.

மகனின் தோளில் தூவியிருந்த பஞ்சுப் பனி அடுப்படி வரை பறந்தது. அப்பேர்ப்பட்ட தும்மல்.

"கட்," என்றான் பெனுவா, மண்டியிட்டபடியே. படத்தின் இயக்குநரும் அவன்தான், மகனாக நடிப்பவனும் அவன்தான். "அப்பா, இன்னொரு தடவை."

வெளியே ஜூலை வெயில் கியூபெக்கையே வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே, ஃபெர்னானின் சொந்தச் சமையலறையில், புத்தாண்டுக் காலை. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. ஆளைப் பொரிக்கும் விளக்குகளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது கடவுளுக்கே தெரியாது.

அப்பா வேஷத்துக்கு மொன்றியலிலிருந்து வந்த நடிகருக்கு முகம் சரி, கைதான் வெண்ணெய். மரம் அறுக்கும் மில்லில் காய்த்த கை வேண்டுமாம். அதனால் இந்தக் காட்சிக்கு மட்டும் ஃபெர்னானின் கைகளும் குரலும்.

அந்த ஊர் வழக்கப்படி, புத்தாண்டுக் காலையில் தலைப்பிள்ளை மண்டியிட்டு ஆசீர்வாதம் கேட்க வேண்டும். கேட்டால்தான் அப்பன் கை வைக்கலாம். கேட்காமல் வைத்தால் அது வெறும் தலை தடவல்.

பெனுவா கேட்டுப் பல வருஷமாயிற்று.

எல்லாம் அந்த நாடகத்தால் வந்தது. குடும்பக் கதையை மேடையேற்றியவன், இரண்டாம் அங்கத்தில் அப்பாவின் தொண்டையில் வான்கோழி எலும்பைச் சிக்கவைத்துக் கொன்றுவிட்டான். ஊரே கைதட்டியது. மறுநாள் கடைத்தெருவில் பாதிப் பேர் ஃபெர்னானைப் பார்த்துச் சிலுவை போட்டார்கள். மீதிப் பேர் அவர் மனைவி லோரெத்துக்கு மறுமண வரன் சொன்னார்கள்.

"நான்தான் செத்துட்டேனே! இனிமே பொணத்துக்கிட்ட வந்து ஆசீர்வாதம் கேக்காதே!" என்று அன்று கத்தினார்.

பையன் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அப்பா பேச்சை அவன் மதித்தது அந்த ஒரு முறைதான்.

அதே நாடகம்தான் இப்போது படமாகிறது. அதில் இல்லாத இந்தக் காட்சியைப் படத்துக்கென்று புதிதாக எழுதியிருந்தான். காலையில் முதல் தடவை அவன் மண்டியிட்டு, "எங்களை ஆசீர்வதியுங்கப்பா," என்றபோதே இது நடிப்பு என்பது கிழவருக்கு மறந்துபோயிற்று.

இதைச் சீக்கிரம் முடியவிடக் கூடாது என்று அந்தக் கணமே தீர்மானித்துவிட்டார்.

ஒரு முறை வசனம் மறந்தது. ஒரு முறை, "லோரெத், பன்றித்தொடை கருகுது!" என்று அலறினார், அடுப்பில் ஒன்றுமே இல்லை. இன்னொரு முறை, "நற்கருணைப் பேழையே, என் முட்டி!" என்றார். அந்த ஊரில் கெட்ட வார்த்தை எல்லாமே கோவில் சாமான்தான்.

ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் கூடுதலாக அந்தத் தலையில் தங்கியது. பயலுக்கு உச்சியில் முடி கொட்டியிருந்தது. எப்போது கொட்டியது?

"கல்யாணத்தன்னிக்கு 'சம்மதம்'ங்கிற ஒத்தை வார்த்தையையே ஒழுங்கா சொல்லாத மனுஷன். இவருக்குப் போய் வசனமா!" என்று நொடித்துவிட்டு, லோரெத் சர்க்கரை டார்ட் பலகாரத் தட்டோடு எப்போதோ வெளியே போயிருந்தாள்.

இப்போது தும்மலும் தீர்ந்துபோயிற்று. புதுச் சாக்கு யோசிக்க அவகாசம் வேண்டும்.

"காத்து வேணும்டா," என்று போய், ஜன்னல் துணியின் ஓரத்தைத் தூக்கினார்.

படப்பிடிப்பு ஆட்கள் மொத்தப் பேரும் மரத்தடியில். கேமராக்காரி மோட், கேமராவை உள்ளே வைத்துப் பூட்டிய பெட்டியின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டில் ஒட்டியிருந்த கடைசிச் சர்க்கரைப் பாகை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

துணியை மெல்ல விட்டார்.

பெனுவா எழுந்திருக்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது.

"வாங்கப்பா. கேமரா ஓடுது."

ஃபெர்னான் மூக்கை உறிஞ்சினார். இது தும்மலுக்கான ஏற்பாடு இல்லை.

"ஓடட்டும்டா," என்றார், கையை வைத்தபடி. "அது பாட்டுக்கு ஓடட்டும்."