நான்காவது கம்ப்யூட்டர்

மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். காலியாகக் கிடந்த அவள் அறையில் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் மூன்று பழைய கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து, நெட்வொர்க் கற்கத் தொடங்கினார். அவற்றுக்குப் பெரியவன், நடுவுலவன், கடைக்குட்டி என்று பெயர் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் கொடுத்தாயிற்று.

“ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணைக் கூப்பிடுங்கப்பா. ‘இருக்கேன்’னு பதில் வரணும்,” என்றாள் மகள், போனில்.

இரண்டும் மூன்றும் சமர்த்தாகப் பதில் சொல்லின. கை தவறி நான்கைத் தட்டிவிட்டார். அதற்கும் பதில் வந்தது.

“நாலாவது ஏதுப்பா நம்ம வீட்ல? ஒயரையெல்லாம் பிடுங்கிட்டுப் பாருங்க.”

பிடுங்கினார். நடுவுலவனும் கடைக்குட்டியும் வாயை மூடிக்கொண்டார்கள். பெரியவனின் திரையில் நான்காவதன் பதில் மட்டும் வரி வரியாக வந்துகொண்டே இருந்தது.

“நின்னுடுச்சாப்பா?”

“நின்னுடுச்சும்மா,” என்று போனை வைத்தார்.

கூப்பிடுவதை நிறுத்திப் பார்த்தார். பதில் நிற்கவில்லை. பிடுங்கிய ஒயர்களைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சாப்பிட்டாச்சா?” என்று கேட்டார்.

அதுவரை விடாமல் வந்த வரிகள், யோசிப்பதுபோல, ஒரு கணம் நின்றன.