பெட்டிக்குள் இருந்த கொப்பி

கனடாவில் தோல் வியாபாரிகள் முன்பு கட்டிய மரக்கோட்டை அது. புதையல் விளையாட்டுக்காக யாரோ ஒளித்துவைத்த பெட்டியைத் தேடி, தர்சிகாவும் கணவன் நிரோஜனும் கைபேசி காட்டிய வழியில் அதற்குள் அலைந்தார்கள்.

"இன்னும் மூண்டு மீட்டர்தான். குனிஞ்சு பாரும்," என்றான் நிரோஜன்.

தோல்களை அழுத்திக் கட்டும் மரப்பொறிக்கு அடியில் தகரப்பெட்டி இருந்தது. அதற்குள், கண்டெடுத்தவர்கள் பெயர் எழுதும் கொப்பியில், ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவே தமிழில் ஒரு வரி: "தமிழாக்கள் ஆரும் வந்தால் பெயரை எழுதுங்கோ. இந்த ஊரில நான் மட்டும்தான்."

அதே கையெழுத்து இன்னும் ஏழு இடங்களில் இருந்தது. "திரும்ப வந்தன். ஒருத்தரும் எழுதேல்லை." கடைசியாக எழுதியதற்கு இன்றைய திகதி.

தர்சிகா வாசலுக்கு ஓடினாள். எழுதியது அக்காவா அண்ணாவா என்று தெரியாமல், "வணக்கம்!" என்று கத்தினாள்.

வாகனத் தரிப்பிடத்தில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதுகு காட்டி நின்ற ஒருவர் மட்டும் திரும்பவில்லை. ஏறுவதற்காகத் திறந்த கார்க்கதவை, ஏறாமலே மெல்லச் சாத்தினார்.